டெபியனில் பைத்தானை ஏன் இத்தனை பொதிகளாகப் பிரிக்கிறார்கள்?

ஆய்வக_டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணினி அறிவியல் எடுக்கிறேன். பாடத்திட்டத்தில் பைத்தான் இருக்கிறது. புத்தகம் பைத்தானின் நிரல் எழுதும் கருவியான ஐடில் சாளரத்தை வைத்துத்தான் சொல்லித் தருகிறது. எங்கள் ஆய்வகக் கணினிகளில் டெபியன் 12 போட்டிருக்கிறோம். பைத்தான் 3.11 அதோடு வந்துவிட்டது, ஆனால் ஐடில் வரவில்லை, நிரலில் சாளரங்கள் வரைய உதவும் டிகின்டர் நூலகமும் வரவில்லை. தனிப் பைத்தான் சூழலான வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (வென்வ்) உருவாக்கப் போனால், பிப் என்ற நூலக நிறுவியைக் கொண்டுவரும் என்ஷ்யூர்பிப் இல்லை, பைத்தான்3.11-வென்வ் பொதியை (பேக்கேஜை) நிறுவிக்கொள் என்கிறது. பிப் வைத்து எதையாவது நிறுவப் போனால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' என்று சொல்லி நின்றுவிடுகிறது.

ஒவ்வொன்றையும் டெபியனின் பொதி நிர்வாகியான ஆப்ட் மூலம் நிறுவிக்கொள்ள எனக்குத் தெரியும், அது பிரச்சினை இல்லை. ஆனால் வீட்டில் விண்டோஸ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரே கோப்பை இறக்கி நிறுவினாலே எல்லாம் வந்துவிடுகிறது. இங்கே மட்டும் ஏன் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு உண்மையான காரணத்தைச் சொல்ல ஆசைப்படுகிறேன். பொதி கட்டும் வேலை தெரிந்தவர்கள் விளக்க முடியுமா?

பொதிகட்டி

டீச்சர், டெபியனில் பைத்தான் நூலகங்கள் சிலவற்றைக் கட்டுகிறேன். பைத்தான் நிரல்களை ஓட்டும் இன்டர்பிரெட்டரைக் கட்டுவது வேறு ஆட்கள். ஆனாலும் அதில் ஒன்று அசைந்தால் என் பொதிகளும் அசையும் என்பதால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைக் கவனித்தே ஆக வேண்டும்.

முதலில் என்ன பிரிக்கிறார்கள் என்று பார்ப்போம். பைத்தான்3.11 என்ற ஒரே மூலப் பொதியிலிருந்து (மூல நிரல் தொகுப்பு) நிறைய இருமப் பொதிகள் (நிறுவத் தயாரானவை) பிறக்கின்றன. மிக அடியில் இருப்பது பைத்தான்3.11-மினிமல்: இன்டர்பிரெட்டரும், அது எழுந்து நிற்கத் தேவையான சில மாட்யூல்களும் மட்டும். அதற்கு மேலே ஸ்டாண்டர்டு லைப்ரரியின் பெரும்பகுதி. லிப்பைத்தான்3.11 என்பது பகிர்வு நூலகம். ஜிடிபி, விம் போன்ற நிரல்கள் பைத்தானைத் தங்களுக்குள் பதித்துக்கொள்கின்றன. அவற்றுக்கு வேண்டியது இந்த நூலகம்தான். சி மொழியில் எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்களுக்கான ஹெடர் கோப்புகள் டெவ் பொதியில். பைத்தானின் சொந்தச் சோதனைகள் டெஸ்ட்சூட் பொதியில். ஐடில், வென்வ், ஆவணங்கள் ஆகியவை தனித்தனியே. இவை எல்லாவற்றுக்கும் மேலே பைத்தான்3-டீஃபால்ட்ஸ் என்று இன்னொரு மூலப் பொதி. அதிலிருந்து வரும் 'பைத்தான்3' பொதியின் வேலை, இந்த டெபியன் வெளியீட்டில் பைத்தான்3 என்றால் 3.11 என்று கை காட்டுவது.

ஏன் இப்படி? டிகின்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது டிசிஎல், டிகே நூலகங்களை இழுக்கும், அவை எக்ஸ்11 நூலகங்களை இழுக்கும். திரையே இல்லாத சர்வருக்கும் கண்டெய்னருக்கும் இவை எதற்கு? ஹெடர் கோப்புகளும் சோதனைகளும் கூட அப்படித்தான், பெரும்பாலானவர்கள் ஒருநாளும் தொட மாட்டார்கள். டெபியன் ஒரே சமயத்தில் டெஸ்க்டாப்புக்கும், ரவுட்டர் அளவுள்ள சின்ன போர்டுக்கும், எஸ்390எக்ஸ் மெயின்ஃபிரேமுக்கும் போகிற இயங்குதளம். டெபியன் 12 அதிகாரப்பூர்வமாக 9 கணினிக் கட்டமைப்புகளுக்கு வந்தது. எல்லோருக்கும் எல்லாவற்றையும் திணிக்க முடியாது.

ஆலமரம்

பொதிகட்டி சொன்ன காரணங்கள் டிகின்டருக்கும் டெஸ்ட்சூட்டுக்கும் பொருந்தும். வென்வுக்கு எப்படிப் பொருந்தும்? அது எக்ஸ்11 எதையும் இழுப்பதில்லை, அளவும் பெரிதில்லை. பைத்தானை உருவாக்குகிறவர்கள் ஸ்டாண்டர்டு லைப்ரரியை ஒரே முழுமையாகத்தான் வெளியிடுகிறார்கள். அதில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பைத்தான்3 என்ற பெயரில் கொடுத்தால், புதிதாகக் கற்கிறவர் பைத்தானின் அதிகாரப்பூர்வப் பாடத்தில் உள்ள கட்டளையை அப்படியே தட்டுவார், அது ஓடாது. பைத்தான் சரியில்லை என்று நினைப்பார், இல்லை தனக்கு வரவில்லை என்று நினைப்பார். டீச்சரின் பிள்ளைகள் இடத்தில் நின்று பாருங்கள்.

முன்பு, நூலகங்களைக் கட்டி நிறுவ உதவும் டிஸ்ட்யூட்டில்ஸையும் இப்படித்தான் தனியாக வைத்திருந்தார்கள். 'டிஸ்ட்யூட்டில்ஸ்.யூட்டில் என்ற மாட்யூல் இல்லை' என்ற பிழையைத் தேடி வந்தவர்கள் இணையம் முழுக்க இருக்கிறார்கள்.

சர்வர்_காவல்

இதில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு பக்கம் இருக்கிறது. லினக்ஸில் பைத்தான் நமக்காக மட்டும் இருப்பதில்லை. இயங்குதளமே அதை உபயோகிக்கிறது. டெபியனில் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ், ரிப்போர்ட்பக், ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ் எல்லாம் பைத்தானில் எழுதியவை. கிளவுட் மெஷின்கள் முதல்முறை எழும்போது ஓடும் கிளவுட்-இனிட் பைத்தான். விண்டோஸில் பைத்தானை முழுதாக அழித்துவிட்டாலும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. இங்கே அப்படி இல்லை. டீச்சர், உங்கள் பிள்ளைகளின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

சென்ட்ஓஎஸ் 6 காலத்தில் கணினி நிர்வாகியாக இருந்த யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். அதில் இருந்தது பைத்தான் 2.6. பொதி நிர்வாகியான யம் அந்தப் பைத்தானில்தான் ஓடியது. புதுப் பைத்தான் வேண்டும் என்று யாராவது /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான் என்ற இணைப்பைப் பைத்தான் 3க்கு மாற்றிவிடுவார்கள். அடுத்த முறை யம் தட்டினால் சின்டாக்ஸ் எரர். சரிசெய்ய ஒரு பொதி வேண்டும், பொதி நிறுவ யம் வேண்டும், யம் ஓடாது. ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் இதே நிலையைப் பார்த்து, விடிய விடிய உட்கார்ந்து கையால் மீட்டிருக்கிறேன்.

2019இல் வந்த ரெட் ஹேட் 8இல் இதற்கு நேரடியான தீர்வு கொண்டுவந்தார்கள். இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளுக்கென்று பிளாட்ஃபார்ம்-பைத்தான் என்று ஒன்றை, யாரும் தற்செயலாகக் கை வைக்காத லிப்எக்ஸெக் அடைவில் வைத்தார்கள். பயனர் பைத்தானைத் தனியாக நிறுவிக்கொள்ளலாம்.

டீச்சர் பார்த்த 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்' செய்தியும் இதே கவலையிலிருந்து வந்ததுதான். அது டெபியன் தானாக இட்ட தடை அல்ல, பெப் 668 என்ற, பைத்தான் சமூகத்தின் பொது வரையறை. ஸ்டாண்டர்டு லைப்ரரி இருக்கும் அடைவில் எக்ஸ்டர்னலி-மேனேஜ்ட் என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு இருந்தால், பிப் அந்தப் பைத்தானுக்குள் நேரடியாக எதையும் நிறுவாது. முன்பெல்லாம் சூடோ போட்டு பிப் ஓட்டி ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தைப் புதுப்பித்துவிட்டு, அடுத்த நாள் ஆப்ட் சார்ந்த கருவி ஏதோ ஒன்று செத்துக் கிடப்பதைப் பார்ப்போம். இரண்டு பொதி நிர்வாகிகள் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே அடைவில் எழுதினால் வேறு என்ன நடக்கும்?

ஆலமரம்

சர்வர்_காவல் சொல்வதை ஏற்கிறேன். பெப் 668க்கு நானும் ஆதரவு. ஆனால் அது என் வாதத்தைத்தான் வலுப்படுத்துகிறது. பிப்பை நேரடியாக ஓட்டாதே, வென்வ் உருவாக்கிக்கொள் என்று அந்தச் செய்தியே சொல்கிறது. ஒரே வழி வென்வ் என்று ஆக்கிய பிறகு, வென்வ் ஓடத் தேவையான பகுதியை இயல்பாகவே தர வேண்டும் அல்லவா?

பொதிகட்டி

ஆலமரம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வென்வ் எப்படித் தனியாகப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வென்வ் மாட்யூல் தனியாகச் சிக்கல் தரவில்லை, சிக்கல் என்ஷ்யூர்பிப்பில். 2014இல் வந்த பைத்தான் 3.4 முதல், பிப்பின் வீல் கோப்பை (நிறுவத் தயாராகக் கட்டிய வடிவம்) இன்டர்பிரெட்டருக்குள்ளேயே வைத்து வெளியிடுகிறார்கள். பிப்புக்குள் ரிக்வெஸ்ட்ஸ், யூஆர்எல்லிப்3, சர்டிஃபை என்று வேறு பல நூலகங்களின் பிரதிகள் இருக்கின்றன. டெபியனின் அடிப்படை வழக்கம், ஒரு நூலகம் இயங்குதளத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது. யூஆர்எல்லிப்3இல் பாதுகாப்புக் குறை வந்தால் ஒரு பொதியைத் திருத்தினால் போதும், எல்லோருக்கும் சரியாகிவிடும். அதன் பிரதி பத்து இடங்களில் ஒளிந்திருந்தால் எது திருத்தப்பட்டது, எது விடுபட்டது என்று பாதுகாப்புக் குழுவுக்குத் தெரியாது. அது மட்டும் இல்லை. டெபியன் தரும் எதையும் அதன் மூலத்திலிருந்து டெபியனே கட்டியிருக்க வேண்டும். வேறு யாரோ கட்டி முடித்த வீலை அப்படியே உள்ளே வைக்க முடியாது.

அதனால் அந்த வீலை எடுத்துவிட்டு, டெபியன் தானே கட்டிய வீலைப் பைத்தான்3-பிப்-வீல் போன்ற தனிப் பொதியில் வைத்து, பைத்தான்3.11-வென்வ் அதைச் சார்ந்திருக்கும்படி செய்தார்கள். பைத்தான்3 மட்டும் வேண்டும் என்கிறவர்மேல் பிப்பின் சார்புகள் ஏறாது.

ஆலமரம்

நன்றி, காரணம் தெளிவாகிவிட்டது. ஆனால் ஃபெடோராவுக்கும் இதே கொள்கைதான். அவர்களும் உள்ளே பதித்த பிரதிகளை விரும்புவதில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? பைத்தான்-பிப்-வீல் என்று தனிப் பொதி கட்டினார்கள், என்ஷ்யூர்பிப்பை அந்தப் பொதியிலிருந்து வீலை எடுக்கச் செய்தார்கள், பைத்தான்3 நிறுவும்போதே அது கூட வரும்படி வைத்தார்கள். ஃபெடோராவில் வென்வ் கட்டளை தட்டினால் அப்படியே ஓடுகிறது. டிகின்டரும் ஐடிலும் சோதனைகளும் அங்கேயும் தனிப் பொதிகள்தான், அதைப் பற்றி யாரும் குறைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இதற்காக அவர்கள் தனியாக ஒட்டு (பேட்ச்) போட்டுக்கொண்டு இருக்கவும் இல்லை. பைத்தான் 3.10இல் வீல்கள் இருக்கும் அடைவைக் கட்டும்போதே குறிப்பிட ஒரு கான்ஃபிகர் தெரிவு வந்துவிட்டது. மூலத் திட்டத்தாரிடம், அதாவது பைத்தானை உருவாக்குகிறவர்களிடம் போய்ப் பேசி வாங்கிய மாற்றம் அது. இயங்குதளத்தின் தேவையும் பயனரின் முழுமையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பொதிகட்டி

ஆமாம், என் சொந்தக் கருத்தும் அதுதான். வென்வ் பைத்தான்3உடன் வர வேண்டும். 'ரெகமெண்ட்ஸ்' உறவாக வைத்தாலே போதும். சாதாரண மெஷினில் ஆப்ட் தானாக நிறுவிவிடும், கண்டெய்னர் கட்டுகிறவர் ரெகமெண்ட்ஸை அணைத்துக்கொள்வார். ஆனால் பிரிப்பதே தவறு என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். இன்டர்பிரெட்டர் பொதியில் வெளியே தெரியாத வேலை நிறைய இருக்கிறது. பேச்சு வந்ததால் அதையும் எழுதுகிறேன், டீச்சரின் பிள்ளைகளில் யாருக்காவது ஆர்வம் வரலாம்.

டெபியன் இன்டர்பிரெட்டரை ஒரே முறை கட்டுவதில்லை. லிப்பைத்தானை உள்ளேயே சேர்த்துக்கொண்ட வடிவம் ஒன்று, பகிர்வு நூலக வடிவம் ஒன்று, இரண்டுக்கும் பிழைதிருத்த வடிவங்கள். நீங்கள் டெர்மினலில் ஓட்டும் பைத்தான்3 முதல் வகை, ஏனென்றால் அது வேகம். ஃபெடோரா பகிர்வு வடிவத்தையே வைத்துக்கொண்டு, 32ஆம் வெளியீட்டில் ஒரு கம்பைலர் கொடியை மாற்றி அந்த வேக வித்தியாசத்தை ஈடுகட்டியது.

அடுத்து, பைத்தான் பதிப்பு மாறும்போது நடக்கும் பெயர்ச்சி. சி எக்ஸ்டென்ஷன்கள் பொதுவாக ஒரு பதிப்புக்கு மட்டுமே பொருந்தும். 3.11க்குக் கட்டிய நம்பை (NumPy) நூலகம் 3.12இல் ஓடாது. டிஎச்-பைத்தான் கருவி இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பொதியின் சார்பில் '3.11 அல்லது மேல், 3.12க்குக் கீழ்' என்று தானாக எழுதிவிடுகிறது. புதுப் பதிப்பு வரும்போது முதலில் அதை இரண்டாவது ஆதரவுப் பதிப்பாகச் சேர்ப்பார்கள். எக்ஸ்டென்ஷன் பொதிகளையெல்லாம் இரண்டுக்கும் சேர்த்து மீண்டும் கட்டுவார்கள். உடைவதைத் திருத்துவார்கள். பிறகு இயல்புப் பதிப்பை மாற்றுவார்கள். கடைசியில் பழையதை நீக்கி இன்னொரு சுற்று கட்டுவார்கள். டெபியன் 12 வந்தது 3.11உடன், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 வந்தது 3.13உடன். நடுவில் 3.12ஐயும் கடந்துதான் போனார்கள். 3.12இல் டிஸ்ட்யூட்டில்ஸும் ஐஎம்பியும் போயின. 3.13இல் சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட் என்று ஒரு கூட்டமே போனது. இவற்றை நம்பியிருந்த ஒவ்வொரு பொதியையும் யாரோ ஒரு தன்னார்வலர் திறந்து பார்த்துத் திருத்தியிருக்கிறார். அந்த உழைப்பு வெளியே தெரிவதில்லை, பயனருக்கு எல்லாம் ஓடிக்கொண்டே இருப்பதால்.

முன்பு நிலைமை இன்னும் மோசம். பைத்தான் 2 நாட்களில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி பைட்கோட் கோப்பு வேண்டும், எல்லாம் ஒரே பெயரில் இருக்கும். அதனால் பைத்தான்-சென்ட்ரல், பைத்தான்-சப்போர்ட் என்று கருவிகள் வைத்து, பதிப்புக்கு ஓர் அடைவு நிறைய சிம்லிங்க்குகளை நட்டு வைத்தார்கள். பைத்தான் 3.2இல் பதிப்புவாரியாக பைட்கோட்டை வைக்கும் பைகேஷ் அடைவும், பகிர்வு நூலகக் கோப்புப் பெயரில் பதிப்புக் குறியும் வந்தன. இன்று எல்லா பைத்தான் 3 பதிப்புகளும் நூலகங்கள் இருக்கும் ஒரே டிஸ்ட்-பேக்கேஜஸ் அடைவைப் பகிர்ந்துகொள்ள முடிவது அதனால்தான். டெபியன், உபுண்டு மாதிரியான இயங்குதளங்களின் தேவையை மூலத் திட்டம் காது கொடுத்துக் கேட்டதன் பலன் இது.

நடுநிசி_நிரலன்

இழை முழுவதும் படித்தேன். ஒரு சந்தேகம். மற்ற எல்லா இடத்திலும் சைட்-பேக்கேஜஸ் என்று இருக்கும்போது டெபியன் ஏன் டிஸ்ட்-பேக்கேஜஸ் என்று பெயர் மாற்றியது? அப்புறம், டெபியன் 12இலேயே பைத்தான் 3.13 வேண்டும் என்றால் நானே கட்டிக்கொள்ளலாமா, ஏதாவது உடையுமா?

சர்வர்_காவல்

உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். பைத்தான் மூலத்தை இறக்கி நீங்களே கட்டினால் அது /யூஎஸ்ஆர்/லோக்கல் கீழே போய், தன் நூலகங்களைச் சைட்-பேக்கேஜஸ் அடைவில் தேடும். டெபியனின் பைத்தானும் லோக்கல் அடைவைப் பார்க்கும். இரண்டும் ஒரே பெயரை உபயோகித்தால், நீங்கள் கட்டிய பைத்தானுக்காக நிறுவியது டெபியனின் கருவிகள் கண்ணில் பட்டு அவற்றைக் குழப்பும். டெபியன் தன்னுடையதற்கு டிஸ்ட்-பேக்கேஜஸ் என்று பெயர் வைத்ததால் இரண்டும் மோதாது.

எனவே தாராளமாகக் கட்டலாம். மேக் இன்ஸ்டால் மட்டும் வேண்டாம், மேக் ஆல்ட்இன்ஸ்டால் கொடுங்கள். பைத்தான்3.13 என்ற பெயரில் மட்டும் நிறுவும், பைத்தான்3 என்ற பெயரைத் தொடாது. லோக்கல் அடைவு பாத்தில் முன்னால் வருவதால் அந்தப் பெயரை விட்டுவைப்பது முக்கியம். கட்டுவதற்கு முன் ஓப்பன்எஸ்எஸ்எல், லிப்எஃப்எஃப்ஐ, எஸ்க்யூலைட், ஜிலிப் ஆகியவற்றின் டெவ் பொதிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கட்டி முடித்துவிடும், ஆனால் எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லாத பைத்தான் கையில் இருக்கும். கட்டும் வெளியீட்டின் கடைசியில் எந்த மாட்யூல்கள் விடுபட்டன என்று பட்டியல் வரும், அதைப் படியுங்கள்.

ஆய்வக_டீச்சர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சர்வர்_காவல் சார் சொன்ன 'இயங்குதளமே பைத்தானை உபயோகிக்கிறது' என்ற பதிலைத்தான் வகுப்பில் முதலில் சொல்லப் போகிறேன். இன்னும் ஒரு உதவி. எங்கள் ஆய்வகத்தில் இணையம் வேகம் குறைவு, ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக இறக்க முடியாது. எல்லாப் பகுதிகளும் ஒரே பொதியாகக் கிடைக்குமா?

பொதிகட்டி

கிடைக்கும் டீச்சர். பைத்தான்3-ஃபுல் என்று ஒரு பொதி இருக்கிறது. வென்வ், ஐடில், டிகின்டர், டிஸ்ட்யூட்டில்ஸ், ஆவணங்கள் எல்லாவற்றையும் அது இழுத்து வரும். நீங்கள் பார்த்த 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்' செய்தியின் நடுவிலேயே அதன் பெயர் இருக்கும், நீளமான செய்தி என்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. மூலத் திட்டம் எப்படித் தருகிறதோ அந்த முழுமை வேண்டும் என்கிறவர்களுக்காகவே வைத்தது. ஆலமரம் கேட்கும் முழுமை இது, பெயர் தெரிந்தால்தான் கிடைக்கும் என்பதுதான் குறை.

இணையத்துக்கு: ஒரு கணினியில் ஆப்ட்-கேஷர்-என்ஜி நிறுவுங்கள். மற்ற கணினிகளின் ஆப்டை அதன் வழியாகப் போகச் சொன்னால், முதல் கணினிக்கு ஒருமுறை இறங்கிய பொதி மற்றவற்றுக்கு உள்ளூர் நெட்வொர்க்கிலேயே கிடைத்துவிடும். பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கும் அதுவே உதவும். நெட்வொர்க் இல்லாத கணினிக்கு, ஆப்ட்-கெட்டில் டவுன்லோட்-ஒன்லி தெரிவைக் கொடுத்து இறக்குங்கள். கோப்புகள் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ் அடைவில் சேரும், அதைப் பென்டிரைவில் எடுத்துப் போகலாம். ஒன்றைக் கவனிக்கவும்: ஏற்கெனவே நிறுவியிருக்கும் பொதிகளை அது இறக்காது. எனவே பைத்தான்3-ஃபுல் இல்லாத, மற்றவற்றைப் போலவே இருக்கும் கணினியில் வைத்து இறக்குங்கள்.

நடுநிசி_நிரலன்

ஆல்ட்இன்ஸ்டால் வேலை செய்தது, நன்றி அண்ணா. பொதிகட்டி அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் இந்த வேலையில் இறங்க வேண்டும் என்று தோன்றுகிறது. கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், பைத்தான் நன்றாகத் தெரியும், சி ஓரளவு தெரியும். எங்கிருந்து தொடங்குவது? நேராக இன்டர்பிரெட்டர் பொதியையே பார்க்கலாமா?

பொதிகட்டி

படித்துப் பாருங்கள் தம்பி, அதன் ரூல்ஸ் கோப்பைப் படிப்பதே ஒரு பாடம். ஆனால் முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள். அதில் ஒரு வரி மாறினால் ஆயிரக்கணக்கான பொதிகளைத் தொடும்.

சின்ன நூலகம் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். டெபியன் பைத்தான் குழு தன் பொதிகளையெல்லாம் சல்சா என்ற கிட்லேப் தளத்தில் வைத்திருக்கிறது. பைத்தான் நூலகங்களைக் கட்டும் பைபில்டு கருவியை உபயோகிக்கும் எளிய பொதி ஒன்றை எடுத்து, எஸ்பில்டு என்ற கருவியில் கட்டிப் பாருங்கள். சுத்தமான சூழலில், நெட்வொர்க் இல்லாமல் கட்டும் அது. உங்கள் கணினியில் மட்டும் ஓடுகிற பொதி அங்கே மாட்டிக்கொள்ளும், எந்தச் சார்பை எழுத விட்டுப்போனது என்று தெரியும். பிறகு பிழைப் பட்டியலுக்குப் போங்கள். புதுப் பைத்தான் பதிப்பில் கட்டமுடியாமல் கிடக்கும் பொதிகளுக்கென்று எப்போதும் பிழைகள் திறந்திருக்கும். ஒன்றை எடுத்து ஒட்டு அனுப்புங்கள். மூலத் திட்டத்துக்கும் அதே ஒட்டை அனுப்பினால், அடுத்த வெளியீட்டில் டெபியன் அதைத் தனியாகச் சுமக்க வேண்டியிருக்காது.

புதிதாக ஒன்றைக் கட்ட ஆசை வந்தால், முதலில் பொதியாக்க வேண்டியவற்றுக்கான டபிள்யூஎன்பிபி பட்டியலில் ஐடிபி பிழை (இதை நான் கட்டப்போகிறேன் என்ற அறிவிப்பு) பதியுங்கள். வேறு யாராவது அதே வேலையில் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பதிவேற்ற உரிமை உள்ள ஒருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் உள்ளே போகும். குழுவின் ஐஆர்சி அரட்டை அறை ஓஎஃப்டிசி நெட்வொர்க்கில் டெபியன்-பைத்தான் என்ற பெயரில் இருக்கிறது. உங்கள் முதல் கட்டுமானப் பதிவு தோல்வியில் முடிந்தால் அதை இங்கேயே ஒட்டுங்கள், சேர்ந்து படிப்போம்.